சொந்த மெமரி அறுபத்து நாலு

லேப்டாப்பில் வலது கையை வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி கிராபிக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அது எறும்பின் கால் அளவு. அந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று ஸ்டிக்கரில் இருக்காது. அட்டைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் தெரியும். உள்ளே லேப்டாப் இருக்கிற பெட்டியை எவன் கவிழ்த்துப் பார்ப்பான் என்று கேட்கிறேன்.

என் பெயர் வீரபத்திரன். விவசாயி. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் கடைமடையில் எனக்கு வயல் இருக்கிறது, மேட்டில் கொஞ்சம் மிளகாய்க் காடு. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த கிராபிக்ஸ் கார்டு என்கிற ஒரு சாமானைப் பற்றி இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஏமாற்றப்பட்டதால் தெரிந்துகொண்டது.

என் மகள் நாகலெட்சுமி பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள். படித்து முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு இஞ்சினியர் ஆபீசில் பிளான் வரைகிற வேலைக்குப் போனாள். வரைவது இவள், கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்குவது அவர். அங்கே இருந்தபோதே கம்ப்யூட்டரில் வீட்டை எழுப்பிக் காட்டப் பழகிக்கொண்டாள். வெறும் கோட்டுப் படம் இல்லை. சுவர், சன்ஷேடு, மாடிப்படி எல்லாம் இருக்கும். மவுசைப் பிடித்து இழுத்தால் வீடு நம் முன்னால் சுற்றும். வாசலில் நுழைந்து அடுப்படி வழியாகக் கொல்லைக்குப் போகலாம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வீடு கட்டும்போது அவர்கள் ஊரில் இருக்க முடியாது. கட்டி முடித்தபிறகு வந்து பார்த்து, சன்னலை ஏன் இங்கே வைத்தாய் என்று கொத்தனாரோடு சண்டை போடுவார்கள். முதலிலேயே சுற்றிப் பார்த்துவிட்டால் அந்தச் சண்டை மிச்சம்.

அப்படித்தான் பெரியபட்டினம் லத்தீபாவின் வீட்டு வேலை வந்தது. லத்தீபாவின் தங்கச்சியும் என் மகளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லத்தீபாவின் வீட்டுக்காரர் நைனா முகம்மது துபாயில் வேலை பார்க்கிறார். 2008-இல் லீவில் வந்திருந்தார். திங்கட்கிழமை திரும்பிப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். பிடித்தால் பிளான், எஸ்டிமேட், கூட இருந்து வேலையைப் பார்ப்பது எல்லாம் நாகலெட்சுமிக்கு. பிடிக்காவிட்டால் மதுரையில் ஒரு கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி ஏற்கெனவே வழவழப்பான தாளில் கலர் படம் போட்டு அனுப்பிவிட்டது.

இஞ்சினியர் ஆபீஸ் கம்ப்யூட்டரை இதற்குத் தொட முடியாது. அதனால் அந்த வருஷம் மிளகாய் விற்றதை வைத்து லேப்டாப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். என் மிளகாய், அவள் வேலை. இது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். "பொம்பளப் பிள்ளைக்கு நகை எடுக்காம டப்பா எடுக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான், மகள், என் மச்சான் மூக்கையா மூன்று பேரும் ராமநாதபுரத்துக்குப் போனோம். அரண்மனைக்குப் போகிற வழியில் ஒரு கடை. முதலாளி பேர் பால்சாமி. உள்ளே குளுகுளுவென்று ஏசி. வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு இந்த ஆள் எனக்கு மூடநம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

"வீட்டச் சுத்திக் காட்டணும்ணே, அதுக்கு எது ஓடுமோ அதக் குடுங்க" என்றாள் நாகலெட்சுமி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரைந்த லத்தீபா வீட்டையும், அதைத் திறக்கிற சாப்ட்வேரையும் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தாள்.

எங்கள் பக்கம் மோட்டார் பம்பு வாங்கினால் தொட்டியில் போட்டு ஓடவிட்டுப் பார்ப்போம். குழாயில் தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று கண்ணால் பார்க்காமல் எவனும் வாங்க மாட்டான். அதே மாதிரி அவளும் வீட்டை ஓடவிட்டுப் பார்த்தாள். மேசையில் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகிச் சாப்ட்வேரைப் போட்டார்கள். வீடு பம்பரமாகச் சுற்றியது. மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், கொல்லைக்குப் போய் வந்தாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

"ஐந்நூத்திப் பன்னெண்டு எம்பி கிராபிக்ஸ் கார்டும்மா. தனி மெமரி. வெண்ணெயா ஓடும்" என்றார் பால்சாமி.

"இதவே எடுத்துக்கிறோம்" என்றாள் மகள்.

மூக்கையா அவள் கையைப் பிடித்தான். "ஏத்தா, இது ஊரு கையெல்லாம் பட்ட சாமான். மொத மொத வாங்குறம், பிரிக்காத பெட்டியா வாங்கு. என்ன மச்சான், நான் சொல்றது?"

பால்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாமா சொல்றதுதான் சரி. இதே மாடல் சீல் பிரிக்காம இருக்கு. அண்ணே, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள பில்லப் போட்டுருவோம்."

ராகு காலத்தை ஞாபகப்படுத்தியது அவர்தான். நான் இல்லை, மூக்கையா இல்லை, அவர். அவசர அவசரமாகப் பில் போட்டார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு பையன் உள்ளே போனான். போனவன் போனவன்தான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது பத்தே முக்கால்.

"பிரிச்சுப் பாத்துக்கிறீங்களாண்ணே? உங்க இஷ்டம். இப்ப ராகு காலம்" என்றார் பால்சாமி.

புதுச் சாமானை ராகு காலத்தில் எவன் பிரிப்பான். எங்கள் ஊரில் தீப்பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். "வீட்டுல போயிப் பிரிச்சுக்கிறோம்" என்று மூக்கையா சொன்னான். சாமானைச் சரிபார்த்து வாங்கியதாகப் பால்சாமி பில்லின் அடியில் நாகலெட்சுமியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பிரித்தோம். என் வீட்டுக்காரி முருகேஸ்வரி சூடம் காட்டினாள். நாகலெட்சுமி வேண்டிய சாப்ட்வேரை எல்லாம் போட்டு முடித்து, லத்தீபாவின் வீட்டைத் திறந்தாள். கீழ்த்தளம் வந்தது. மாடியைச் சேர்த்தாள். சுற்றினாள்.

சுவர் முன்னால் போனது. கூரை அங்கேயே நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கூரை வந்து சுவர் மேல் உட்கார்ந்தது. மறுபடி சுற்றினாள். பால்கனி மட்டும் தனியாக ஆகாயத்தில் தொங்கியது. அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அடியில் காற்றாடி மட்டும் உய்யென்று கத்தியது.

"என்னாத்தா, காலைல ஓடுச்சே?" என்றேன்.

அவள் திரையில் எங்கேயோ வலது பக்கம் அமுக்கி, அதற்குள் போய், அதற்குள்ளும் போய் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துப்போனது.

"அய்யா, இங்க பாருங்க. இதுக்குச் சொந்த மெமரி அறுபத்து நாலு எம்பிதான். மிச்சம் நானூத்தி நாப்பத்தெட்டும் கம்ப்யூட்டரோட மெமரியில இருந்து எடுத்துக்கிடுது. ரெண்டையும் கூட்டித்தான் ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு ஒட்டியிருக்கான்."

"எடுத்துக்கிட்டா என்ன, ஓட வேண்டியதுதான?"

"கம்ப்யூட்டர்லயே ஒரு ஜிபிதான் இருக்கு. அதுல பாதிய விண்டோசே தின்னுருது. சாப்ட்வேருக்கு வேணும். இது போயிக் கேட்டா அங்கன என்ன இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "வயல்ல கிணறு இருக்குன்னு சொல்லி வித்திருக்கான். போயிப் பாத்தா குழிதான் கெடக்கு. தண்ணிக்குப் பக்கத்து வயக்காரன்கிட்டப் போயி நிக்கணும். அப்படித்தான?"

"பக்கத்து வயக்காரனுக்கே தண்ணி பத்தலய்யா" என்றாள்.

சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கம்பெனி போட்டிருக்கிற விவரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு லேப்டாப்புக்கும் பேர் ஒன்று, நம்பர் ஒன்று. கடைசியில் ஒரே ஒரு எழுத்து மட்டும் வேறே. காட்சிக்கு வைத்திருந்ததில் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி இருநூற்று ஐம்பத்தாறு. அது போக கம்ப்யூட்டரில் இரண்டு ஜிபி. எங்களுக்குக் கொடுத்ததில் அறுபத்து நாலும் ஒரு ஜிபியும். கார்டுக்கும் அதன் மெமரிக்கும் நடுவில் ஒரு பாதை உண்டாம். அதற்கும் அகலம் உண்டாம். அதில் நூற்று இருபத்தெட்டு பிட், இதில் அறுபத்து நாலு பிட். வாய்க்காலும் பாதி, கிணறும் கால். ஸ்டிக்கர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று, ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. காசு போனதற்கு இல்லை. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வராமல் போவது பழக்கம்தான். ஆனால் மேலே அடைத்து வைத்துக்கொண்டு, உனக்கு வந்துவிட்டது என்று ஒருவன் சொன்னால் அதைத் தாங்க முடியாது.

மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே நானும் மகளும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டோம். பால்சாமி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க காட்டுனது வேற, குடுத்தது வேற" என்றாள் நாகலெட்சுமி. "கடைசி எழுத்தப் பாருங்கண்ணே. கார்டே வேற."

அவர் பார்க்கவே இல்லை. "மாடல் ஒண்ணுதாம்மா. எழுத்து கம்பெனிக்காரன் போடுறது. ஆண்ட்டி வைரஸ் எதுவும் போட்டியா?"

"போடல."

"அப்ப போடு. அதான் மெதுவா ஓடுது."

நான் குறுக்கே புகுந்தேன். "தனி மெமரின்னு உங்க வாயால சொன்னீகளா இல்லையா?"

"அண்ணே, நான் பெட்டியப் பிரிச்சுக் காட்டவான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீக. ராகு காலத்துல கேட்டீக."

"அது உங்க நம்பிக்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இந்தக் காலத்துலயும் ராகு காலம், எமகண்டம்னு பாத்துக்கிட்டுச் சாமானச் சரிபாக்காமத் தூக்கிட்டுப் போனா கடைக்காரன் பொறுப்பா? படிச்ச பிள்ளை, கையெழுத்துப் போட்டிருக்கு."

வாசலில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. கையில் சாம்பிராணிக் கரண்டி புகைகிறது. இந்த ஆள் பேசுகிறார். பில் போடுகிறவரைக்கும் ராகு காலம் அவருக்கு நம்பிக்கை. பெட்டி வெளியே வந்தபிறகு அது எனக்கு நம்பிக்கை.

"சரி, ஒண்ணு செய்யிறேன்" என்று இறங்கி வருகிறவர் மாதிரி சொன்னார். "இன்னொரு ஒரு ஜிபி ரேம் வாங்கிப் போட்டுக்கங்க. விலையில பாத்துச் செய்யிறேன். நல்லா ஓடும்."

"அதாவது கடன் வாங்குறவனுக்குச் சொந்தமா ஒண்ணுமில்ல. அதனால கடன் குடுக்கிறவனுக்கு நான் காசு குடுத்து ஊட்டி வளக்கணும். அதையும் ஒங்க கடையிலயே வாங்கணும்" என்றேன்.

"ரேம் போட்டாலும் கார்டு அதே கார்டுதான்யா. பாதை அதே பாதைதான்" என்றாள் மகள் என்னிடம்.

"பொம்பளப் பிள்ள படம் போட்டுப் பழக இது தாராளம்" என்றார் பால்சாமி. "வீடு கட்டப்போறது கொத்தனாரு. இதுக்கு எதுக்கு இருநூத்தி அம்பத்தாறு?"

நாகலெட்சுமி லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். மறுநாள் பெரியபட்டினம் போக வேண்டும் என்கிற நினைப்புதான் அவளுக்கு. என்னை மாதிரி அவளால் சண்டையில் திளைக்க முடியாது.

அந்த நேரத்தில் ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் உள்ளே வந்தார்கள். கடற்கரையோரம் காரங்காட்டு ஆட்கள், மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறார்கள், லேப்டாப் வேண்டும் என்றார்கள். அந்த அம்மாவை வீட்டுக்காரர் சவேரியம்மா என்று கூப்பிட்டார். கடைப் பையன் அவர்களை நேராக அந்தக் காட்சி லேப்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏதோ கார்ப் பந்தயம் ஓடவிட்டான். கார் வெண்ணெயாக ஓடியது. "ஐந்நூத்திப் பன்னெண்டு எம்பிம்மா, தனி மெமரி" என்றான். முதலாளி சொன்ன அதே வார்த்தை, அதே ராகம்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பால்சாமி பார்த்துவிட்டார். என் தோளில் கை போட்டு, எங்கள் இரண்டு பேரையும் பின்னால் சின்ன ரூமுக்குக் கூட்டிப் போனார். உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். குரல் அப்படியே மாறிவிட்டது.

"அண்ணே, நமக்குள்ள என்ன. பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்குங்கிறீக. அந்த டிஸ்ப்ளே பீசையே எடுத்துக்கங்க. ஒங்களுதக் குடுத்துருங்க. ஒரு பைசா வேணாம்."

எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. "இப்பவே குடுங்க" என்றேன்.

"பத்து நிமிசம். அவுகளுக்குக் காட்டிக்கிட்டு இருக்கான்ல. காட்டி முடிச்சு, பில்லப் போட்டு, அவுக பெட்டியத் தூக்கிட்டுப் போனதும் எடுத்துக்கங்க. அதுவரைக்கும் இங்கனயே இருங்க. வெளிய வர வேணாம்."

அவர் வெளியே போய்விட்டார். காப்பியில் ஆடை படர்ந்தது. கதவு இடுக்கு வழியாக அந்தக் கார் ஓடுவது தெரிந்தது. எங்களுக்கு வரப்போகிற லேப்டாப்தான் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி அவர்களுக்கு அறுபத்து நாலை விற்கப் போகிறார்கள். விற்கிற வரைக்கும் நாங்கள் காப்பி குடிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நான் மகளைப் பார்த்தேன். சாமான் அவளுடையது, வேலை அவளுடையது. "ஒன் இஷ்டந்தாத்தா" என்றேன். "இருக்கணும்னா இருக்கேன். எந்திரிக்கணும்னா எந்திரிக்கேன்."

"நாளைக்கு வீடு சுத்தலன்னா வேலை போயிரும்யா."

"போகும்."

அவள் கொஞ்ச நேரம் தன் லேப்டாப் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

பில் புத்தகம் திறந்திருந்தது. "அக்கா" என்றாள் நாகலெட்சுமி, "பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டுப் பில் போடச் சொல்லுங்க."

பால்சாமி அவளை எரிக்கிற மாதிரி பார்த்தார். உடனே அந்த அம்மாவிடம் திரும்பிச் சிரித்தார். "பிரிக்கலாம்மா, அதுக்கென்ன. ஆனா இப்ப ராகு காலம். பத்தரை வரைக்கும் இருக்கு. புதுச் சாமான், பிள்ளை படிக்கப்போகுது. ஒங்க இஷ்டம்."

சவேரியம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு. "நாங்க வேதக்காரக. எங்களுக்கு ஏது ராகு காலம்? மாதாவக் கும்புட்டுத்தான் வந்திருக்கோம். பிரிங்க" என்றார்.

நான் அந்தக் கடையில் சந்தோஷப்பட்ட ஒரே நிமிஷம் அதுதான்.

பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் பால்சாமி. இன்னும் பணமே கொடுக்கவில்லையே, எதைத் திரும்ப எடுப்பீர் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். பிரித்தார்கள். ஆன் பண்ணி அது உயிர் பெற்று வருவதற்கு வெகு நேரம் ஆனது. பால்சாமி யாரோடோ போன் பேசுவது போல் நின்றார். நாகலெட்சுமி இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அந்தச் சின்னக் கட்டத்தைத் திறந்தாள். "சொந்தம்னு இருக்கிற வரிய மட்டும் பாருங்கக்கா."

ஒன்றில் இருநூற்று ஐம்பத்தாறு. ஒன்றில் அறுபத்து நாலு.

சவேரியம்மா விரலால் திரையைத் தொட்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு பால்சாமியிடம் சொன்னார். "நாங்க கருவாட்டுல உப்பக் கொஞ்சம் கூட அள்ளிப் போட்டா, சந்தையில யாவாரி கூடையத் தட்டிப்புட்டுத்தான் நிறுப்பான். எங்க முகத்துலயே தட்டுவான். நீரு ஏசிக்குள்ள உக்காந்துக்கிட்டு உப்பத்தான் நிறுத்துக்கிட்டு இருக்கீரு. ஒம்ம கூடையத் தட்ட ஒரு ஆளு இல்ல."

"ஏம்மா, மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாத்தான் பேசுறேன். என் நாத்தனா பேசுனா இப்படியா இருக்கும்?"

அவர்கள் போய்விட்டார்கள். பால்சாமி அந்தக் காட்சி லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது விக்கிறதுக்கு இல்ல" என்றார். "ஒங்க யாவாரமும் எனக்கு வேணாம். எங்க வேணும்னாலும் போயிச் சொல்லுங்க. கையெழுத்து என்கிட்ட இருக்கு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் திட்டிக்கொண்டே வந்தேன். ஸ்டிக்கர் அடித்தவனை, நட்சத்திரம் போட்டவனை, அதற்கு விளக்கத்தைப் பெட்டியின் அடியில் ஒளித்தவனை, எல்லாரையும். உள்ளே இல்லாததை வெளியே ஒட்ட ஒருவனுக்கு எப்படிக் கை வருகிறது? உர மூட்டையில் இப்படி எழுதினால் விடுவோமா? "அம்பது கிலோ" என்று போட்டு, "அதில் ஆறு கிலோ எங்களுது, மிச்சம் உங்கள் வயல் மண்" என்று அடியில் எழுதினால் மூட்டையோடு அவனை வாய்க்காலில் தள்ள மாட்டோமா? பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்வரை தலையாட்டினார். பாவம், அவருக்கு என்ன விளங்கியதோ. மகள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பூராவும் அவள் வீட்டை இளைக்க வைத்தாள். வாசலில் நிறுத்தியிருந்த காரை எடுத்தாள். தென்னை மரங்களை எடுத்தாள். நிழலை எடுத்தாள். கம்பிக் கிராதியின் பூ வேலையை எடுத்தாள். அவள் ஆசை ஆசையாகச் செய்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. அப்படியும் மாடியைச் சேர்த்தால் திணறியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம் போனோம். நைனா முகம்மது வெள்ளைக் கைலியும் பனியனுமாக வந்து வரவேற்றார். பாதி கட்டிய பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. லத்தீபா டீயும் வட்டலப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். மேசையில் மதுரைக் கம்பெனியின் கலர் படங்கள் இருந்தன. வேண்டுமென்று வைத்ததோ, எடுக்க மறந்ததோ தெரியாது.

கீழ்த்தளம் நன்றாகப் போனது. வாசல், கூடம், அடுப்படி. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மாடியச் சேத்துச் சுத்திக் காட்டும்மா" என்றார் நைனா முகம்மது.

சுற்றினாள். சுவர் போனது, கூரை நின்றது. பால்கனி ஆகாயத்தில் தொங்கியது.

"அல்லாவே, மாடி பறக்குதே" என்று சிரித்தார். "துபாயில எத்தனையோ கட்டடம் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல." சிரித்து முடித்ததும் அவர் கை மதுரைப் படத்துப் பக்கம் போனது.

நாகலெட்சுமி மவுசை விட்டுவிட்டாள். "வீட்டுல குறையில்லண்ணே, லேப்டாப்புலதான். ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு சொல்லி அறுபத்து நாலக் குடுத்துட்டாக" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் இரண்டு இடத்தில் குறுக்கே விழுந்து திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உள்ளூர்ல வாங்குனா இப்படித்தான்மா. இங்க உள்ளவனுக்கு நாணயம் இல்ல" என்று எழுந்தார். "இருங்க, வாரேன். நான் அங்க இருந்து ஒண்ணு கொண்டாந்திருக்கேன், பிள்ளைகளுக்கு. ஒரிஜினல். அதுல போடுவோம்."

கொண்டுவந்தார். பளபளவென்று புதுசு. பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. வலது கை வைக்கிற இடத்தில் தங்க நிற ஸ்டிக்கர். ஆயிரத்து இருபத்து நாலு எம்பி. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியானது. அப்புறம்தான் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எறும்புக்கால் நட்சத்திரத்தைப் பார்த்தேன். நாகலெட்சுமியும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சாப்ட்வேரைப் போட்டு வீட்டைத் திறந்தாள். மாடியைச் சேர்த்தாள். சுற்றினாள். கூரை கொஞ்சம் சீக்கிரம் வந்தது. பால்கனி வரவில்லை.

"ஒரிஜினல்லயும் பறக்குதே" என்றார் லத்தீபா.

நைனா முகம்மது மவுசை வாங்கித் தானே சுற்றிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "அந்த எண்ண எங்கம்மா பாக்குறது?" என்றார் மெதுவாக. காட்டினாள். சொந்தம் நூற்று இருபத்தெட்டு.

அவர் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். பிறகு போனை எடுத்தார். துபாயில் அவரோடு ரூமில் இருக்கிறவருக்குப் போட்டார். "ஏலே மச்சான், அந்த லேப்டாப் கடை தெரியும்ல, இன்னைக்குச் சாயங்காலமே போ. போயி, தனியா எத்தன, கடனா எத்தனன்னு கேளு. கடன்னா என்னவா? சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தவர் முற்றத்துக்குப் போய்விட்டார். அங்கே நடந்துகொண்டே கத்தினார். நாங்கள் பேசிய அதே பேச்சு, இன்னும் கொஞ்சம் காரமாக.

லத்தீபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாகலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது கெடக்கட்டும். கீழ்வீட்டத் திரும்பக் காட்டு. அடுப்படிக்குப் பின்வாசல் வச்சிருக்கியே, அத இன்னும் கொஞ்சம் கிணத்துப் பக்கம் தள்ளு. கூடத்துல ஆம்பளைக உக்காந்திருந்தா நாங்க இந்த வழியாத்தான் போக வர இருக்கணும்."

தள்ளினாள். கீழ்த்தளம் மட்டும் என்பதால் கதவு சொன்ன இடத்துக்கு உடனே போனது. சன்னலை மாற்றினார்கள். மாடிப்படிக்கு அடியில் சாமான் அறை வந்தது. லத்தீபா மதுரைப் படத்தை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். "இதுல பின்வாசலே இல்ல. பாத்துப் பாத்துப் படம் போட்டிருக்கான், பொம்பள எந்த வழியாப் போவான்னு நெனைக்கல." படத்தைக் கவிழ்த்து அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

நைனா முகம்மது போனைக் காதில் வைத்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். லத்தீபா அங்கிருந்தே சொன்னார். "நான் முடிவு பண்ணிட்டேன். இந்தப் பிள்ளையே செய்யட்டும்."

"சரி சரி" என்றார். "வீட்ட அந்த பென் டிரைவுல போட்டுக் குடும்மா. அங்க எங்க கம்பெனி டிராயிங் ஆபீஸ்ல பெரிய மிசின் இருக்கு. மாடிய அதுல போட்டுச் சுத்திப் பாத்துக்கிறேன். ஏதும் மாத்தணும்னா மெயில் போடுறேன். காரு, மரமெல்லாம் இருந்தா அதையும் போட்டே குடு." பிறகு போனில், "ஒன்னச் சொல்லல மச்சான். இரு, வச்சிராத."

நாகலெட்சுமி தென்னை மரங்களைத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மரத்துக்கும் லேப்டாப் நின்று நின்று ஓடியது. அவள் அவசரப்படவில்லை.

நான் முற்றத்துக்கு வந்தேன். நைனா முகம்மது அந்தப் பக்கம் பேச விட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, ஒங்க ராமநாதபுரத்துக் கடைக்காரர் நம்பர் இருந்தாக் குடுங்க. பிளைட்டு நாளைக்கு ராத்திரிதான். பகல் பூராம் சும்மாத்தான் இருக்கேன்."

கொடுத்தேன்.